பொடியில்லாத பொட்டலம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. நேற்று வாங்கிய கொத்தமல்லியை எங்கே வைத்தேன் என்று இன்று காலையிலிருந்து தேடுகிறேன். ஆனால் அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மருந்து அறையில், மூன்றாவது தட்டில் எந்தப் பாட்டில் இருந்தது என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன். அப்படி ஒரு மண்டை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடுகிறோம் என்றார்கள். எல்லாரும் டாக்டர்களைப் பற்றி எழுதுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் எங்கள் காம்பவுண்டரைப் பற்றி எழுதுகிறேன். பேர் போடமாட்டேன். அவர் வீட்டு ஆட்கள் யாராவது படித்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். அவரே இருந்தால், "பேரச் சொல்லாம என்னச் சொல்லு பாப்போம்" என்று அதையும் ஒரு ஆட்டமாக்கிவிடுவார்.

அதுதான் அவர். எதையும் நேராகத் தரமாட்டார், எதற்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். நான் பதினெட்டு வயதில் செங்கல்பட்டுக்கு ஆயா வேலைக்கு வந்த முதல் நாள், பஞ்சு வாங்கி வரச் சொல்லி வார்டிலிருந்து அனுப்பினார்கள். மருந்து அறை ஜன்னலில் போய் நின்றேன்.

"இன்னாமா தங்கச்சி, இன்னா வேணும்?"

"பஞ்சு வேணுமாம்."

"பஞ்சு இங்க இல்லியே. இங்கிலீஷ்ல சி எழுத்துல ஆரம்பிக்கிற ஒண்ணு கீது. அத்த வேணா தரேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சு இல்லையாம் என்று வெறுங்கையோடு திரும்பிப் போய்ச் சொன்னேன். வார்டில் இருந்த கருங்குழி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எங்களுக்குள் மூத்தவள், கருங்குழியிலிருந்து வந்தவள், அதனால் அந்தப் பேர். நான் தங்கியதும் அவள் வீட்டில்தான். "அவுரு கையில பஞ்சு வாங்கறதுக்குள்ள புண்ணு தானே ஆறிப்பூடும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்குப் போய், "காட்டன்! குடு!" என்று ஒரு அதட்டல் போட்டாள். கிடைத்துவிட்டது.

அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மார்க்கெட் பக்கம் வீடு. நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். காதில் எப்போதும் ஒரு பென்சில். பேசினால் கிராம்பு வாசனை வரும். பல்வலிக்காரர்களுக்கு வைத்திருந்த கிராம்பில் பாதி அவர் வாயில்தான் போயிற்று என்று நான் நினைக்கிறேன். பொட்டலம் மடித்து மடித்து வலது கைக் கட்டைவிரல் நகம் கரண்டி மாதிரி சப்பையாக இருக்கும். அந்தக் காலத்தில் மாத்திரை இத்தனை கிடையாது. கல்வத்தில் அரைத்த பொடியைச் சதுரக் காகிதத்தில் கொட்டி, நாலு மடிப்பு மடித்து, ஒரு முனையை இன்னொன்றில் செருகிக் கொடுப்பார்கள். பாய் மடித்த பொட்டலத்தை ஏரியில் போட்டாலும் தண்ணீர் புகாது.

இங்கிலீஷ் எழுத்து ஆட்டம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லவேண்டும். கருங்குழி அக்காவுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் எந்தப் பாட்டில் எதற்கு என்பது நிறத்தை வைத்துத் தெரியும். நீலம் புண் கழுவ, பச்சை வாய் கொப்பளிக்க. ஒரு மாசம் சரக்கு வந்தபோது எல்லாப் பாட்டிலும் ஒரே காப்பி நிறத்தில் வந்து இறங்கின. அக்கா அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"பாய், எல்லாம் ஒரே மாதிரி கீதே. எது புண்ணுக்கு, எது வாய்க்கு?"

"ஒட்டிகினு கீற காகிதத்துல எழுதிகீது பாருக்கா."

"எழுதிகீது. எனக்கா எழுதிகீது?"

பாய் இதற்குச் சிரிக்கவில்லை. மறுநாள் கத்தரித்த காகிதத் துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. சாயங்காலம் கூட்டம் ஓய்ந்த பிறகு நாங்கள் மூன்று பேர், அதாவது கருங்குழி அக்கா, படாளத்துக்காரி ஒருத்தி, நான், ஆளுக்கு ஒரு துண்டு எடுக்கவேண்டும். அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சாமான் அந்த அறையில் எது என்று கண்டுபிடித்து, பேரை எழுதி, அந்தச் சாமான் மேலேயே ஒட்டவேண்டும். ஒரு வாரத்தில் அந்த அறையில் கல்வம், கதவு, நாற்காலி, தராசு எல்லாம் நெற்றியில் சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றன. படாளத்துக்காரிக்கு எம் எழுத்து வந்தது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, ஆம்பளை என்பதற்கான வார்த்தையை எழுதி, பாய் முதுகில் ஒட்டிவிட்டாள். அவர் அதோடு வெளியே போய் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தார். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, "வெல எழுதிகீறாங்க" என்றாராம்.

தப்பாக எழுதினால் திட்டமாட்டார். தப்பு வார்த்தைக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்கு வார்டு என்று பேர். "பாவம், இந்த வார்த்தைக்குக் கால் உடைஞ்சிகீது, அட்மிட் பண்ணிடு" என்பார். எழுதினவள் அந்தச் சீட்டை டப்பாவில் போடவேண்டும். சனிக்கிழமை டப்பாவைத் திறப்பார். அதே வார்த்தையை மூன்று தடவை சரியாக எழுதிவிட்டால் டிஸ்சார்ஜ். கருங்குழி அக்காவின் வார்த்தைகள் மாசக்கணக்கில் படுத்திருக்கும். "என் வார்த்தைக்கெல்லாம் கஞ்சி ஊத்தறியா பாய், இல்ல பட்டினியா?" என்று கேட்பாள்.

எனக்கு எழுதுவதென்றால் வெட்கம். யாராவது பார்த்தால் கை நடுங்கும். நடுக்கம் தெரியக்கூடாது என்று பென்சிலை அழுத்திப் பிடிப்பேன். அழுத்துகிற அழுத்தில் காகிதத்தின் பின்பக்கம் புடைத்துக்கொள்ளும். பாய் காகிதத்தைத் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எழுதறியா, ஏர் ஓட்டறியா?" என்று கேட்பார். இது தினமும் நடக்கும்.

ஒரு நாள் எனக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டார். "பூனையப் பானையாக்கிக் குடு." பூனைக்கு இங்கிலீஷில் மூன்று எழுத்து, பானைக்கும் மூன்று. ஒரு தடவைக்கு ஒரு எழுத்துத்தான் மாற்றலாம். நடுவில் வருவதும் அர்த்தமுள்ள வார்த்தையாக இருக்கவேண்டும். நான் இரண்டு நாள் அதே நினைப்பாய் இருந்தேன். கஞ்சி ஊற்றும்போதும் பூனை, படுக்கை விரிக்கும்போதும் பூனை. விரித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. பூனையில் நடு எழுத்தை மாற்றினால் கட்டில் வருகிறது. கட்டிலில் முதல் எழுத்தை மாற்றினால் பானை. படுக்கையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்படி வா. பூனை கட்டில்ல ஏறி, பானைக்குள்ள குதிச்சிடிச்சி" என்றார். அன்றைக்கு ஒரு வார்த்தையும் கேட்காமலே பஞ்சு கொடுப்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

நாங்கள் தனி வார்த்தைகளில் கொஞ்சம் தேறினதும் வரி எழுத வைப்பதற்காக மடிப்பு ஆட்டம் கொண்டுவந்தார். ஒரே காகிதம். பாயும் சேர்ந்து நாலு பேர். முதல் ஆள் 'யார்' என்பதை எழுதி, எழுதினது தெரியாமல் மடித்து அடுத்த ஆளிடம் தரவேண்டும். அவள் 'என்ன செய்கிறார்' என்று எழுதி மடிப்பாள். மூன்றாவது ஆள் 'யாரோடு'. நாலாவது ஆள் 'எங்கே'. சாயங்காலம் பிரித்துப் படிக்கும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காகிதத்தைப் பொட்டலம் மடிக்கிற மாதிரியேதான் மடிக்கவேண்டும். "எழுத்தும் பழகும், மடிப்பும் பழகும். கூட்டம் நாள்ல எனக்கு ஒத்தாசைக்கு வருவீங்க" என்றார். அவர் புத்திசாலித்தனம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் சறுக்கியது.

அன்று காய்ச்சல் கூட்டம். ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். வேலைக்கு நடுநடுவே ஒரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. கடைசியாக என்னிடம் வந்தது. 'எங்கே' என்பது என் வரி. நான் பார்த்து எழுதாமல், யாரையும் கேட்காமல், என் தலையிலிருந்தே எழுதினேன். அப்படி நான் எழுதிய முதல் இங்கிலீஷ் வரி அதுதான். என்ன எழுதினேன் என்று பிறகு சொல்கிறேன். எழுதி மடித்து முனையைச் செருகினேன். அதே நேரம் டாக்டர் உள்ளே வந்துவிட்டார். கையில் இருந்ததை எதிரில் இருந்த தட்டில் வைத்துவிட்டு வார்டுக்கு ஓடிவிட்டேன். அந்தத் தட்டில் பாய் பொடி போட்டு மடித்து வைத்த பொட்டலங்கள் இருந்தன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, "எங்க காகிதம், பிரிங்க" என்றாள் படாளத்துக்காரி. தேடினோம். காகிதத்தைக் காணவில்லை. தட்டில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. பாய் அதைப் பிரித்தார். உள்ளே பொடி இருந்தது.

அவர் முகம் மாறியதை நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டர் வந்துபோன பிறகு அந்தத் தட்டிலிருந்து ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்திருந்தார். கடற்கரை ஊரிலிருந்து காய்ச்சலோடு தூக்கிவந்த ஒரு பெண்குழந்தைக்கு, மூன்று நாளைக்கு ஆறு பொட்டலம். அந்த ஆறில் ஒன்றில் மருந்து இல்லை.

"வெறும் பொட்டலம் குடுத்தவன் காம்பவுண்டரே இல்லக்கா" என்றார் கருங்குழி அக்காவிடம். "எந்த வேளைக்கு அத்தப் பிரிப்பாங்களோ, அந்த வேளைக்கு அந்தக் கொழந்தைக்கு மருந்து இல்ல."

"ஒரு வேளைதான பாய்."

"என் கையால போன ஒரு வேளை."

அந்தக் குழந்தையின் அம்மாவை எனக்குத் தெரியும். பேர் அஞ்சலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்தான். இன்று கல்பாக்கம் வரைக்கும் பஸ்ஸும் குடியிருப்புமாய்க் கிடக்கிறது. அன்று மணலும் சவுக்குத் தோப்பும்தான். நாங்கள் மேட்டுத்தெரு, கூலி வேலைக்காரர்கள். அவர்கள் மணலோரம், கடலுக்குப் போகிறவர்கள். வீடு காட்ட நான் வரவேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் முதல் பஸ். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் பெண்கள் பக்கம். திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரத்தில் இறங்கி, மணலில் நடந்தோம். அவர் பத்தடி முன்னால். மருந்துப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்து அதன் மேல் கை வைத்தபடியே நடந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"பாய், தட்டுல வெச்சது நான்தான்."

அவர் திரும்பவில்லை. "தட்டு யாருது?" என்றார்.

"உங்களுது."

"அப்ப நட."

அஞ்சலை எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

"வா பாய், வா. நானே தேங்கா பழம் வாங்கிகினு வரணும்னு இருந்தேன். சீட்டு எழுதிக் குடுத்தியே, நீ நல்லா இருக்கணும்!"

சீட்டு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் குழந்தை பயந்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால், தர்காவுக்குத் தூக்கிப் போவார்கள். ஓதி எழுதிய சீட்டைத் தருவார்கள். செப்புக் குழாயில் அடைத்துத் தாயத்தாகக் கட்டிக்கொள்வார்கள். எந்தச் சாமி, யார் சாமி என்று யாரும் பார்ப்பதில்லை. அஞ்சலை முதலில் பிரித்த பொட்டலமே எங்கள் காகிதம்தான். பொடி இல்லை. புரியாத எழுத்து நாலு வரி, பாய் கையால் கொடுத்தது. அவள் வேறென்ன நினைப்பாள்? குழாய் எடுத்து, சுருட்டி அடைத்து, மெழுகால் மூடி, குழந்தை கழுத்தில் கட்டிவிட்டாள்.

"பொடி குடுத்தியாமா கொழந்தைக்கு?" என்று பாய் கேட்டார்.

"சீட்டு கட்டினா மூணு நாளு வேற மருந்து கூடாதுன்னு உனுக்குத் தெரியாதா? நீயே கேக்கறியே."

மீதி ஐந்து பொட்டலமும் மாடத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தாள். குழந்தை சின்னப்பொண்ணு கோரைப்பாயில் சுருண்டு கிடந்தது. ஐந்து வயது இருக்கும். தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. நேற்றிலிருந்து அதன் வயிற்றுக்குள் ஒரு வேளை மருந்துகூடப் போகவில்லை.

பாய் வாசலிலேயே நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அம்மா, அது சீட்டு இல்ல. நாங்க வெளையாடின காகிதம். தப்பா வந்துடிச்சி. என் தப்பு. நான் ஓதறவன் இல்ல, பொடி அரைக்கிறவன். அந்தப் பொடிதான் மருந்து. இப்பவே குடுக்கணும்."

அவரைத் தெரிந்த நாளாய் இப்படி நேராக அவர் ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன ஒரே தடவையும் யாரும் நம்பவில்லை.

"பாத்தியா, எப்படி அடக்கமா பேசறாரு" என்றாள் அஞ்சலை, பக்கத்து வீட்டுக்காரியிடம். "ஓதினவங்க யாரு ஓதினேன்னு சொல்லிப்பாங்க?"

"சொன்னா பலிக்காது" என்றாள் அவள்.

"இல்லமா, மெய்யாலுமே வெளையாட்டு."

"சரி, வெளையாட்டுன்னே வெச்சிக்க. அதுல இன்னா எழுதிகீது? சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு வரிதான் தெரியும்" என்றார்.

"ஏண்டி மேட்டுத்தெருப் பொண்ணு, உனுக்கு?"

"எனக்கும் ஒரு வரிதான் அக்கா. மடிச்சி மடிச்சிக் குடுப்போம். அடுத்தவங்க எழுதினத்த பாக்கக்கூடாது."

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எழுதினவங்களுக்கே தெரியாத எழுத்து. அத்தப் போயி வெளையாட்டுங்கறீங்க!"

"கொழாயத் தொறந்து பாத்துடலாமே."

"தொறந்தா சக்தி எறங்கிப்பூடும். கிட்ட வராத."

பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை முனகியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவருக்கு எதிரில் போய்க் கையை நீட்டினேன்.

"பாய், பென்சிலக் குடுங்க."

அவர் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எந்த எழுத்தில் ஆரம்பிக்கும் என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதமும் கொடுத்தார்.

"அக்கா, ஒரு தரம் நீங்களே ஆடிப் பாருங்க. யாருன்னு ஒரு ஆள நெனச்சிக்கினு என் காதுல சொல்லுங்க" என்றேன்.

"பாருடி, மேட்டுத்தெருல கலெக்டர் கெளம்பிட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆனாலும் அஞ்சலை குனிந்து என் காதில் சொன்னாள். தமிழிலேயே எழுதி மடித்தேன். 'என்ன செய்கிறார்' என்பதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே சிரித்துக்கொண்டாள். 'யாரோடு' என்பதைப் பாய் சொன்னார். கடைசியாகக் குழந்தையிடம் குனிந்து, "எங்க?" என்று கேட்டேன். காய்ந்த உதட்டால் என் காதில் ஒரு சொல் சொன்னது. எழுதினேன். பாய் மடிக்கிற மாதிரியே நாலு மடிப்பு மடித்து, முனையைச் செருகி, அஞ்சலை கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். பிறகு வாங்கிப் படித்தேன்.

"என் வூட்டுக்காரு... தல பின்னிக்கிறாரு... கவர்னரோட... வலைக்குள்ள."

அஞ்சலையின் வீட்டுக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஞ்சலை முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுருண்டு கிடந்த குழந்தை "அப்பாக்குச் சட இல்ல" என்று சொல்லிச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தது.

சிரித்துக்கொண்டிருந்த அஞ்சலை சட்டென்று நின்றாள். குழந்தை கழுத்தைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.

"அப்ப, அதுவும் இதே மாதிரிதானா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளே மீன் அரிகிற கத்தியின் முனையால் மெழுகைக் கீறி, சீட்டை உருவி என்னிடம் நீட்டினாள். "படி."

நான் ஒவ்வொரு வரியாக முதலில் இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். முதல் வரி கருங்குழி அக்காவுடையது. அவளுக்குப் பார்க்காமல் எழுத வருகிற ஒரே வார்த்தை, வாசல் பலகையில் இருப்பது. இரண்டாவது படாளத்துக்காரி. மூன்றாவது பாய். நாலாவது நான்.

"டாக்டர். பல் விளக்குகிறார். யானையோடு. பானைக்குள்."

அஞ்சலை காகிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து," என்றாள் அஞ்சலை மெதுவாக, "டாக்டரு பல்லு வெளக்கறதுக்கா நான் கற்பூரம் காட்டிகினு கீறேன்?"

பாய் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழும் என்றுதான் நானும் நினைத்தேன். விழுந்தது என் முதுகில்தான், அதுவும் பலமாக இல்லை.

"ஏண்டி, டாக்டரும் யானையும் ஒரே பானைக்குள்ள எப்படிடி போவும்?"

"பானை மட்டுந்தான் அக்கா நான்."

அவள் எழுந்து மாடத்துக்குப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து, குங்குமத்தை ஊதிவிட்டுப் பிரித்தாள். சர்க்கரைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்தாள். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"யானை எதால பல்லு வெளக்கும்?" என்று பல்லுக்கு நடுவிலிருந்து பாயைக் கேட்டது. "கரியாலயா, சாம்பலாலயா?"

"அத்தச் சொல்லணும்னா வாயத் தொறக்கணும்" என்றார் பாய். பழைய பாய் திரும்பி வந்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்தது, பொடி உள்ளே போயிற்று. யானை எதால் விளக்கும் என்பதை மட்டும் அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

உடனே கிளம்பமாட்டேன் என்றார். உச்சிவெயில் ஏறியபோது குழந்தை நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது. பாய் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். வெளியே போய், கட்டுமரத்து நிழலில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீருக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்காமல் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது கையில் கொண்டுவந்த பொட்டலத்தைக் கொடுத்து, மீதி இருந்த ஐந்தையும் எந்தெந்த வேளைக்கு என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, "அந்தக் காகிதத்தக் குடுத்துடுமா" என்றார்.

அஞ்சலை அதை அதற்குள் சுருட்டிக் குழாயில் அடைத்து, விளக்கில் மெழுகு காட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு? இது இல்லன்னா நீ செங்கல்பட்டுலேர்ந்து பஸ் ஏறி என் வூடு தேடி வந்திருப்பியா? மருந்துக்காரர வாசலுக்கே இழுத்துகினு வந்த சீட்டு. எங்கனா கண்டுகீறியா அந்த மாதிரி? இருக்கட்டும். மருந்தும் குடுக்கறேன், இதுவும் இருக்கட்டும்."

பஸ்ஸில் வரும்போது முன் சீட்டில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் தானே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பல் விளக்கினது யார் என்று டாக்டர் கேட்டதாகவும், "அதுக்கு முதல் எழுத்து டி, ஐயா" என்று பாய் சொன்னதாகவும் கருங்குழி அக்கா கதை கட்டுவாள். நான் நம்பவில்லை. நன்றாகத் திட்டு வாங்கினார் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு ஆட்டக் காகிதம் மருந்து மேசைப் பக்கமே வரக்கூடாது என்றாயிற்று. நாங்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். பொட்டலமாக மடிப்பதும் இல்லை, சுருட்டித்தான் கொடுப்போம்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு சீட்டில் பொட்டலம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, வார்டு டப்பாவில் போட்டார். படாளத்துக்காரி எடுத்துப் பார்த்தாள்.

"சரியாத்தான எழுதிகீற பாய், எதுக்கு அட்மிட்டு?"

"எழுத்து சரிதான்மா. ஆளுக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வார்த்தைகள் மூன்று தடவை எழுதப்பட்டு வீட்டுக்குப் போயின. கருங்குழி அக்காவின் வார்த்தைகள்கூட ஒவ்வொன்றாகப் போய்விட்டன. காப்பி நிறப் பாட்டில்களை அவள் எழுத்துக் கூட்டிப் படித்து எடுத்துக் கொடுக்கிற காலமும் வந்தது. அந்த ஒரு சீட்டு மட்டும் உள்ளேயே இருந்தது. "மூணு தடவ எழுது பாய், அத்த வூட்டுக்கு அனுப்பிடலாம்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம். "இன்னும் காய்ச்சல் விடல" என்பார். நான் கல்யாணமாகி வேலையை விட்டு வந்த அன்றும் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டது.

பிறகு அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார், எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுதினதில் தப்பு நிறைய இருக்கும். அந்தக் காலத்தில் முதல் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போயிற்றா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். பாய் என்னோடு ஊருக்கு வந்தது ஐப்பசியா கார்த்திகையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பானை வரியை எழுதியது தான்தான் என்று படாளத்துக்காரி சாகும்வரை சாதித்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கழுத்தில் செப்புக் குழாய் போட்ட சின்னப்பொண்ணு என்ற பெயருள்ள ஒரு பெரிய மனுஷியை யாராவது பார்த்தால், அவள் சம்மதித்தால், அதைத் திறந்து பாருங்கள். பென்சில் எழுத்து இத்தனை வருஷத்தில் அழிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தைத் திருப்பி, கடைசி வரி இருக்கிற இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அது நான் எழுதினது.